காட்டுக்குப் போனால் பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். சில வருடங்களாக பிபி மாத்திரை சாப்பிட்டு வருகிறார். விலை ஏறும் என்று நம்பிச் சரக்கை வாங்கி வைத்தார். விலை இறங்கியதில் பெரிய கடன் ஆகிவிட்டது. அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் ‘வனக் குளியல் சிகிச்சை’ என்று இருவருக்கு 38,000 ரூபாய் கேட்கிறார்கள். காட்டுக் காற்றால் எதிர்ப்புச் சக்தி 50 சதவீதம் கூடும், மாத்திரை இல்லாமலே பிபி இறங்கும், புற்றுநோய் அண்டாது, இதெல்லாம் ஜப்பானில் நிரூபணமானது என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். போய்வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று என் கணவர் நினைக்கிறார். ஆனால் என் மாமியார், “நான் முப்பது வருடம் ஏலத்தோட்டத்தில், காட்டுக்குள்ளேயேதானே கிடந்தேன், எனக்கு ஏன் பிபி வந்தது?” என்று கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. போகலாமா, மாத்திரையை நிறுத்தலாமா?
— வாசகி, கம்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஒரு வேளைகூட. மலைக்குப் போவதானால் பையில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதுதான். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிவிடும். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பழைய இடத்தையும் தாண்டிப் போகும். அதோடு மலையில் குளிர் அதிகம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்றுக் கூடவே செய்யும். மாத்திரையை நிறுத்திப் பார்க்க அதைவிடப் பொருத்தமில்லாத இடம் வேறு இல்லை.

இனி நோட்டீஸுக்கு வருவோம். வனக் குளியல் என்றால் தண்ணீரில் குளிப்பது அல்ல, காட்டுக்குள் அவசரமில்லாமல் நடந்தும் உட்கார்ந்தும் இருப்பதுதான். அதில் இருப்பது முழுப் பொய் என்றால் என் வேலை சுலபமாகியிருக்கும். அப்படி இல்லை. உண்மையான ஆய்வுகளிலிருந்து ஆய்வுக்கு ஒரு வரியைப் பிய்த்து எடுத்து, அந்த ஆய்வு யாரிடம், எப்படி, எவ்வளவு நேரம் நடந்தது என்பதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் 1982ஆம் ஆண்டு வனத்துறைத் தலைவராக இருந்த தொமோஹிதே அகியாமா இந்த வனக் குளியலை மக்கள் மத்தியில் முன்வைத்தார். நகரத்து மக்களைக் காடுகளின் பக்கம் இழுப்பதற்கான அரசுத் திட்டம் அது. திட்டம் முன்னால் வந்தது, ஆராய்ச்சி பின்னால் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி ஜப்பான், தென்கொரியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகிறது. கொரியா இதற்கென்று 2015இல் சட்டமே இயற்றி, பயிற்சி பெற்ற வன வழிகாட்டிகளை அரசே நியமிக்கும் அளவுக்குப் போய்விட்டது. நம் நாட்டில் 2021இல் உத்தராகண்ட் வனத்துறை ராணிக்கேத்தில் ஒரு மையம் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ரிசார்ட்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

அந்த 50 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? தோக்கியோவைச் சேர்ந்த சிங் லி என்ற மருத்துவர், பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்த, 37 முதல் 55 வயதுள்ள ஆண்கள் 12 பேரை இரண்டு இரவு, மூன்று பகல் காட்டுப் பகுதிக்கு அழைத்துப் போனார். ரத்தத்தில் ‘என்.கே. செல்’ என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் கண்டுபிடித்து அழிப்பது அதன் வேலை. அந்தச் செல்களின் செயல்திறன் போவதற்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடியிருந்தது. பின்னர் செய்த ஆய்வில் காட்டுக்குப் பதிலாக வேறொரு நகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போய்ப் பார்த்தார். அந்த மாற்றம் தெரியவில்லை. ஓட்டல் அறையில் மூன்று இரவு ஹினோக்கி என்ற ஊசியிலை மரத்தின் எண்ணெயை ஆவியாகப் பரவவிட்டும் பார்த்தார். ஓரளவு மாற்றம் தெரிந்தது. ஆகவே இது வெறும் நினைப்பு என்று நான் தள்ளிவிட மாட்டேன். மரம் வெளிவிடும் வாசனைப் பொருட்களில் ஏதோ இருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு பேர். இந்தத் துறையில் பேர்போன ஆய்வுகள் பலவற்றின் அளவு இதுதான். செல்லின் செயல்திறன் சோதனைக் குழாயில் கூடியதற்கும், ஒருவருக்குப் புற்றுநோய் வராமல் போவதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. ‘புற்றுநோய் அண்டாது’ என்பதை யாரும் காட்டவில்லை. அந்த வரியை அச்சடித்தவர் மீது எனக்குக் கோபமே வருகிறது.

பிபிக்கு வருவோம். 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். ஜப்பான் முழுவதும் 24 காடுகள், 280 பேர். எல்லாரும் இளைஞர்கள். ஒரு நாள் காட்டிலும் இன்னொரு நாள் நகரத்திலும் கால் மணி நேரம் போல நடக்கவிட்டார்கள், கால் மணி நேரம் போல உட்கார்ந்து பார்க்கவிட்டார்கள். மனநெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், நகரத்தில் நடந்தபோது இருந்ததைவிடக் காட்டில் நடந்தபோது 15.8 சதவீதம் குறைவாக இருந்தது. நாடித் துடிப்பு 3.9 சதவீதம் குறைவு. பிபியின் மேல் எண் 1.9 சதவீதம் குறைவு.

அந்தக் கடைசி எண்ணை உங்கள் கணவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் எண் 160 என்று வைத்துக்கொண்டால், அதில் 1.9 சதவீதம் என்பது 3. அதாவது 157. சாதாரண அளவில் கொடுக்கும் ஒரு பிபி மாத்திரை ஏறத்தாழ 8 முதல் 10 வரை இறக்கும், அதுவும் தினமும் இறக்கும். காடு இறக்கியது அன்றைக்கு, அந்த நேரத்துக்கு. 2017இல் 20 ஆய்வுகளை, மொத்தம் 732 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் காட்டில் பிபி குறைவு என்பது உறுதியானது. எத்தனை நாள் நிற்கிறது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. உங்கள் கணவரின் நிலைக்கு நெருங்கி வருவது சீனாவில் நடந்த ஒரு ஆய்வு: பிபி உள்ள முதியவர்கள் 24 பேரில் பாதிப் பேரை ஏழு நாள் பசுமைமாறாக் காட்டிலும் மீதிப் பேரை நகரத்திலும் தங்க வைத்தார்கள். காட்டில் இருந்தவர்களுக்குப் பிபி குறைந்தது. நான் சொன்ன இந்தப் பிபி ஆய்வுகள் எல்லாம் காட்டை நகரத்தோடு ஒப்பிட்டவை. காட்டை மாத்திரையோடு ஒப்பிட்டவை அல்ல. நோட்டீஸ் எழுதியவர் சத்தமில்லாமல் தாண்டிப் போன இடம் இதுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மாத்திரை ஆய்வில் யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாவு என்பதை மறைத்து வைக்கலாம். ஒருவரைக் காட்டுக்குள் விட்டுவிட்டு அதை அவரிடமிருந்தே எப்படி மறைப்பது? 2019இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கார்டிசால் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. காட்டுக்குப் போகவிருந்தவர்களுக்கு, நடை தொடங்குவதற்கு முன்பே கார்டிசால் குறைவாக இருந்தது. போகப் போகிறோம் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிட்டது. ‘அப்படியானால் மனப்பிரமைதானே’ என்று சிலர் உதறிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரக் கடைசியில் ஓரிடத்துக்குப் போகிறோம் என்று எதிர்பார்த்திருப்பதே ஒரு மனிதனுக்கு இதமாக இருக்கிறது என்றால், அதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. வந்த கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கருத்தரங்குகளில்கூட இவ்வளவு கூர்மையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆய்வுகளில் காட்டுக்குப் போனவர்கள் யார் என்று பாருங்கள். கல்லூரி மாணவர்கள், கம்பெனி ஊழியர்கள், தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளப்பட்ட முதியவர்கள். எல்லாரும் விருந்தாளிகள். அவர்களுக்குக் காட்டில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. உங்கள் மாமியார் எப்படிப் போனார்? இருட்டோடு எழுந்து சோறு கட்டி, ஜீப்பில் இடுக்கிக்கொண்டு கம்பம்மெட்டோ குமுளியோ ஏறி, மழைக்குப் பாலித்தீன் கொங்காணி போட்டுக்கொண்டு, ஏலச் செடியின் தூரில் நாள் முழுக்கக் குனிந்தபடி காய் எடுத்திருப்பார். காலில் அட்டை, மூக்கில் பூச்சிமருந்து நெடி. ஏலத்துக்கு அடிக்கிற மருந்தின் அளவை அந்த மலையில் வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். எடை குறைந்தால் கங்காணியிடம் பேச்சு, பொழுது சாய வீட்டுக்கு வந்தால் அடுப்படி. தலைக்கு மேலே நின்றது அதே காட்டு மரம்தான். ஜப்பானியர் அண்ணாந்து பார்த்த மரத்தை அவர் நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததா?

சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறிப் போனவர்களைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் திறக்கிற பாதை, இரு புறமும் பெரியாறு வனம். ஜீப்புக்கு வரிசை, சோதனைக்கு வரிசை, வெயில், தள்ளுமுள்ளு. பக்தியில் மனம் நிறைந்து வருவார்கள், சரிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நாடி பிடித்துப் பார்த்தால் குறைந்திருக்காது. மரங்கள் அங்கேயேதான் நிற்கின்றன. மனிதன் அங்கே எந்த நிலையில் நிற்கிறான் என்பதும் கணக்கில் வருகிறது.

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆய்வுகள் அளந்தது காட்டை மட்டும் அல்ல, காட்டோடு சேர்த்து ஓய்வையும், வயிறார ஒருவர் போட்ட சோற்றையும், யாரும் விரட்டாத நேரத்தையும்தான். அவருக்குக் கிடைத்தது காடு மட்டும். வயதும் உப்பும் பரம்பரையும் தம் வேலையைச் செய்திருக்கும். அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, அவருக்கும் பார்த்துவிடுங்கள். தோட்டத் தொழிலாளரின் உடலைக் காடு என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க நம் மலைகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தலைப்பு இலவசம்.

இதே காரணத்தால்தான் அந்த ரிசார்ட் உங்கள் கணவருக்குப் பொருந்தாது என்றும் நினைக்கிறேன். குமுளியைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் என்ன இருக்கிறது? ஏலத்தோட்டம். மழைக்கு அந்தச் செடியின் தூரில் சரம் விட்டிருப்பதைப் பார்த்தால் வேறு யாருக்காவது மனம் குளிரலாம். அவருக்கு இந்த வருடம் வரத்து எவ்வளவு, புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் என்ன விலை போகும் என்ற கணக்குத்தான் ஓடும். 2019இல் கிலோ 7,000 ரூபாய் தொட்ட சரக்கு பிறகு ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பார்த்த மனிதர். 38,000 ரூபாய் கொடுத்துப் போய்த் தன் கடனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம். எனக்குப் பிபியைவிட அதுதான் கவலை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதும், திரும்பத் தூங்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும் கடன் கவலையால் மட்டும் இருக்கலாம். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அவர் முன்புபோல் சாப்பிடுகிறாரா? பேரப்பிள்ளையோ டிவி செய்தியோ முன்பு பிடித்தது எதுவாவது இப்போதும் பிடிக்கிறதா? ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்ற தொனியில் ஏதாவது சொன்னாரா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வரும். வீட்டிலோ கிட்டங்கியிலோ பூச்சிமருந்து டப்பா இருந்தால், இன்றைக்கே அவர் கைக்கு எட்டாத வேறு இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அவர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

இப்படிக் கவலையையே மனதுக்குள் அசைபோடுவதைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2015இல் 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மரமும் புல்வெளியுமான பாதையிலும் மற்றதைப் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். மரப் பாதையில் போனவர்களுக்குத் தன்னைப் பற்றிய கசப்பான நினைப்புகளையே திரும்பத் திரும்பப் புரட்டும் பழக்கம் சற்றுத் தணிந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் நோயில்லாதவர்கள். ஜெர்மனியில் 2022இல் பறவைக் குரல்களை ஆறு நிமிடம் ஒலிப்பதிவாகக் கேட்க வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது, சோர்வான மனநிலையில் மாற்றம் இல்லை. அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. படபடப்புக்கு மரமும் பறவையும் கைகொடுக்கும். முற்றிய மனச்சோர்வுக்கு அவை துணைதான், சிகிச்சை வேறு.

தூக்கத்துக்கு இன்னும் ஒரு கேள்வி. அவர் சத்தமாகக் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? அப்படி இருந்தால் அதுவே தூக்கத்தையும் கெடுக்கும், பிபியையும் ஏற்றும். எந்தக் காடும் அதைச் சரிசெய்யாது, தூக்கத்தில் மூச்சை அளந்து பார்க்கும் பரிசோதனை தேவை. குறட்டை இல்லையென்றால் சாயங்காலத்துக்குப் பிறகு டீ வேண்டாம். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, காட்டுக்கே போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. போகச் சொல்கிறேன், அடிக்கடி போகச் சொல்கிறேன். மூன்று நாள் மொத்தமாகப் போய்வருவதைவிட, வாரா வாரம் போவதற்குத்தான் இப்போதைய ஆய்வுகள் சாய்கின்றன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, தோப்பு, கடற்கரை என்று எங்காவது இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இருந்தாலும், துண்டு துண்டாக இருந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. பின்லாந்தில் 2023இல் வந்த ஆய்வில், வாரம் மூன்று நான்கு முறை பசுமையான இடங்களுக்குப் போகிறவர்களிடையே பிபி, மனநலம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போவார்கள் என்பதால் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனாலும் செலவில்லாத விஷயம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை. அந்த இரண்டு கணக்குகளிலும் ‘காடு’ என்று பெயர்ப்பலகை தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 1984இல் ராஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட பழைய ஆய்வு ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த 23 பேரைவிட முக்கால் நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். நாலு மரம், ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு இதற்கு இடம் தேட வேண்டுமா? முல்லைப் பெரியாற்றின் கரையில் தென்னந்தோப்பும் புளியமரமும் இல்லாத ஊர் உண்டா? தெரிந்தவர் தோப்பு ஒன்றில் காலை ஆறரைக்குப் போய் எட்டு மணிவரை இருக்கட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் சரியாகும், அது தூக்கத்துக்கும் நல்லது. போனை வீட்டில் வைத்துவிட வேண்டும்; ஏல விலை போனில்தானே வருகிறது. வேகநடை வேண்டாம், அதற்கு வேறு நேரம் ஒதுக்கலாம். மெதுவாக நடந்து, பிடித்த இடத்தில் உட்கார்ந்து, மடை திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று நாலு பேர் கேலி பேசினால், டாக்டர் சொன்னது என்று என் தலையில் போட்டுவிடுங்கள். நீங்களும் கூடப் போகலாம். கடனைப் பற்றி அங்கே பேசுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம் மட்டும் இருக்கட்டும். கடனைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு நேரம், கணக்கு நோட்டோடு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் தெரிந்த கணக்குப்பிள்ளை ஒருவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை நிஜக் காடே பார்க்க வேண்டும் என்றால், சுருளி அருவிப் பக்கம் இருக்கிறது. தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்தாரே டிக்கெட் கொடுத்து வழிகாட்டியோடு நடை அழைத்துப் போகிறார்கள். கம்பத்திலிருந்து குமுளி பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அந்த வழிகாட்டிகளில் பளியர், மன்னான் சமூகத்தவர் உண்டு. ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை என்ற காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக்கொண்டிருந்து, பிறகு வனத்துறையோடு சேர்ந்து காவலுக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு மரத்தின் முன்னால் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தால், ரிசார்ட்டில் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்கிறவரிடம் போக மனம் வராது. ஏலத்தோட்டம் அந்த நடைப் பாதையில் இல்லை என்பதும் உங்கள் கணவருக்கு வசதி.

ரிசார்ட்டுக்குக் கூடாதா என்று மறுபடியும் கேட்டால்: கையில் உபரிப் பணம் இருந்து, சுற்றுலாவாக நினைத்துப் போனால் நான் யார் தடுக்க? சிகிச்சை என்று நினைத்து, கடன் இருக்கும் நேரத்தில் மேலும் கடன் வாங்கிப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். திரும்பி வந்ததும் அந்தத் தவணை வேறு மூன்று மணிக்கு எழுப்பும். அதில் பத்தில் ஒரு பங்கைப் போட்டுக் மேல்கையில் கட்டும் பட்டையுள்ள பிபி கருவி ஒன்று வாங்குங்கள். ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடி சிகரெட்டும் இல்லாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால் 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அந்த நோட்டோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, தூக்கம் வந்து, ஊறுகாயும் கருவாடும் குறைந்து, எண்ணும் தொடர்ந்து இறங்கியே இருந்தால், மாத்திரை அளவைக் குறைப்பதைப் பற்றி அந்த மருத்துவரே பேசுவார். குறைப்பதற்கு வழி அதுதான்.

காட்டுக்குப் போகும்போது சில எச்சரிக்கைகள். வெயில் காலத்தில் அனுமதியில்லாத பாதையில் ஏற வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. யானை நடமாட்டம் என்று சுருளியை மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்த பிறகு இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பலர் நினைக்காத ஒன்று உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு பூச்சி கடித்து வருவது. தோப்பில் உட்கார்ந்தால் பாய் விரித்து உட்காருங்கள். முழுக்கை சட்டை போடுங்கள், வந்ததும் குளித்துத் துணியை மாற்றிவிடுங்கள். போய்வந்த இரண்டு வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதர்ப் பக்கம் போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மலிவான மாத்திரையிலேயே குணமாகிவிடும் காய்ச்சல் அது. சொல்லாமல் விட்டால் டெங்கு, டைபாய்டு என்று சோதனைகளிலேயே ஒரு வாரம் போய்விடும்.